ஸ்வெர்த்தா ஆறும் அருமைநாயகத்தின் சப்பாத்தும்

பேரை வடிவா எழுதுங்கோ பிள்ளை. அருமைநாயகம். உங்கட நோர்வே எழுத்திலை எழுதினா நீட்டா வரும், அரைவாசியிலை விட்டிடாதேங்கோ. இந்த ஆத்தை நாசமாக்கினவன்ட பேர். முழுசா இருக்கவேணும்.

தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது. தமிழ்ப் பிள்ளையை அனுப்புவினம் எண்டு நான் நினைக்கவே இல்லை. மீன் நோய் பாக்கிற கந்தோரிலை இருந்து ஆள் வருகுது, தூண்டில் போடுற எல்லாரையும் விசாரிக்கப் போகுது எண்டு ஆத்துச் சங்கத்திலை சொன்னவை. நான் ஆரோ தாடி வைச்ச வெள்ளைக்காரன் வருவான் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். எந்த ஊர் நீங்கள்? ஓ, இஞ்சை பிறந்தனியளோ. அப்பா அம்மா? கரவெட்டியோ. சரி, பரவாயில்லை. நான் அளவெட்டி.

உங்கட அப்பாவைக் கேட்டுப் பாருங்கோ, யாழ்ப்பாணத்திலை ஆறு எங்கை இருக்கு எண்டு. எங்கட பக்கம் வழுக்கையாறு எண்டு ஒண்டு பேருக்குக் கிடக்கு. மாரியிலை ஓடும், தை பிறந்தா மாடு மேயும். எங்களுக்குத் தண்ணி எண்டால் கிணறு. கிணத்துக்கு வேலி இருக்கு, பங்கு இருக்கு, ஆர் எப்ப அள்ளுறது எண்டு முறை இருக்கு. முறை தவறினா அடிபாடு. சமன் எண்டால் எங்களுக்கு ரின்னுக்குள்ளை இருக்கிற மீன். அது கடலிலை இருந்து ஆத்துக்குள்ளை ஏறி வரும், தான் பிறந்த இடத்தைத் தேடி வரும் எண்டதெல்லாம் இருபத்தெட்டு வயசிலை இஞ்சை வந்துதான் அறிஞ்சனான். நானும் அருமையும் ஒண்டா வந்தனாங்கள். ஒரே மீன் பக்டரி, ஒரே அறை, ஒரே அடுப்பு. அதையும் எழுதுங்கோ. வெளியாள் செய்தா எனக்கு இவ்வளவு எரியாது.

ஆத்தைப் பற்றிக் கேக்கிறியளோ? நல்லது, கேளுங்கோ. உங்கட வரைபடத்திலை நீலக் கோடாக் கிடக்கும், அதை நம்பாதேங்கோ. ஸ்வெர்த்தா அறுபது கிலோமீற்றர். மேலை மொட்டைப் பீடபூமி, ஆனி மாசத்திலையும் பனி கிடக்கும், ஒரு மரம் கிடையாது. அங்கை ஒரு ஏரியிலை துவங்குது. அந்தப் பக்கம் ட்ரவுட் மீன் மட்டும்தான், கைவிரல் நீளத்துக்குக் கறுப்பா, பட்டினி கிடந்ததுகள் மாதிரி. ஏன் சமன் இல்லை? இடையிலை அருவி இருக்கு. பதினெட்டு மீற்றர். கடலிலை இருந்து வாற மீன் அதுக்குக் கீழை வந்து முட்டி நிக்கும். அந்த இடத்துக்குப் பேர் பாதிரியார் மடு. முந்தி ஒரு பாதிரியார் அதிலை வழுக்கி விழுந்து செத்தவராம். நல்ல சாவு. இருபது கிலோ மீனெல்லாம் அதிலைதான் கிடக்கும், கல்லுக்குப் பின்னாலை, அசையாமல்.

மடுவுக்குக் கீழை மூண்டு கிலோமீற்றர் ஒரே பாய்ச்சல். அதுக்குப் பிறகு இந்த என்ட வீடு, உந்த யன்னலுக்கு வெளியாலை தெரியுறது ஆறுதான். பிறகு பாலம். பாலத்துக்கு அங்காலை ஆறு படுத்துக் கிடக்கும், சேறு, புல்லு, நுளம்பு. அதைத் தாண்டினா கடல். அங்கை சீல் எண்ட கடல்நாய் குந்தியிருந்து வாற மீனைக் கடிக்கும். பதினேழு வருசம் இந்த ஆத்தோடை கிடக்கிறன், ஒவ்வொரு கல்லும் தெரியும். தண்ணி எங்கட வெறும் தேத்தண்ணி நிறம். மேலை இருக்கிற சதுப்பு நிலத்துச் சாயம் அது. ஆனா நல்ல ஆறு எண்டு சொல்ல மாட்டன். குணம் கெட்ட ஆறு. மலையிலை மழை பெய்தா ஒரு மணித்தியாலத்திலை இடுப்புக்கு ஏறும். முழங்கால் அளவு எண்டு காலை வைப்பியள், கழுத்துக்கு இழுக்கும். மூண்டு நாள் பகல் முழுக்க நிண்டாலும் ஒரு மீன் தராது, நாலாம் நாள் பக்கத்திலை நிக்கிற விசரனுக்குக் குடுக்கும். அந்த விசரன் எப்பவும் அருமைதான்.

நான் பொறாமையிலை கதைக்கேல்லை. முதலே சொல்லிப்போட்டன்.

இஞ்சை மடுவுக்குச் சீட்டுக் குலுக்கல் இருக்கு. ஒவ்வொரு வருசமும் சித்திரையிலை சங்கத்துத் தலைவர் ஓட்வார் தொப்பிக்குள்ளை துண்டைப் போட்டுக் குலுக்குவார். ஆருக்கு எந்த நாள், எந்த மடு எண்டு அதிலை வரும். மூண்டு வருசம் தொடர்ந்து ஆனி மாசத்து முதல் கிழமை, பாதிரியார் மடு, ஆருக்கு? அருமைக்கு. எனக்கு? பாலத்தடிச் சேறு. ஓட்வார் நோர்வேக்காரன், கள்ளம் செய்யத் தெரியாது எண்டு சொல்லுவினம். தொப்பி ஆரின்ட தொப்பி எண்டு நான் கேட்டனான். அருமையின்ட தொப்பி பிள்ளை! மேசையிலை கிடந்ததாம், எடுத்தவராம்.

அதை விடுங்கோ. ரெண்டு வருசத்துக்கு முதல், ஆனி மாசம் நாலாம் திகதி. அருமை அந்த மடுவிலை ஒரு மீனைக் கொழுவினான். நான் சும்மா பாக்கப் போனனான், கரையிலை நிண்டனான். ஐம்பது நிமிசம் இழுத்தான். பதினாலு கிலோ. வெள்ளி மாதிரி மின்னுது, வயிறு இப்பிடி. பெட்டை மீன். வலைக்குள்ளை எடுத்து, தண்ணிக்குள்ளையே வைச்சு, தூண்டிலைக் கழட்டி, அதுக்கு மூச்சு வருமட்டும் பிடிச்சுக்கொண்டு நிண்டான். பிறகு கையைத் திறந்தான். மீன் போயிட்டுது.

ஓம், சட்டம் அப்பிடித்தான், பெட்டையை விடவேணும், தெரியும். எனக்குச் சட்டம் படிப்பிக்காதேங்கோ. பதினாலு கிலோ! ஊரிலை ஒரு மனுசனும் பிடிச்ச மீனைத் திருப்பி விடான். விட்டதும் இல்லாமல் என்னைப் பாத்துச் சிரிக்கிறான். "டேய் பேரின்பம், அடுத்த வருசம் உனக்கு வரும் உது" எண்டான். எனக்கு வரும்! அவன் தாறானாம் எனக்கு! வந்த ஆத்திரத்திலை ஒண்டும் கதையாமல் வந்திட்டன்.

அண்டையிலை இருந்து அவனோடை கதையில்லை.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன், பேனையை எடுங்கோ. சப்பாத்து. ஆத்துக்குள்ளை இறங்குற நீளச் சப்பாத்து, நெஞ்சு வரைக்கும் வாறது. ஒரு ஆத்திலை இருந்து மற்ற ஆத்துக்குப் போனா அதை மருந்துத் தொட்டியிலை நனைச்சு, நனைச்சதுக்கு அத்தாட்சித் துண்டு எடுத்துத்தான் இறங்கவேணும். சப்பாத்து, வலை, தூண்டில், எல்லாம். அந்தத் தொட்டி பாலத்தடிக் கொட்டிலுக்குள்ளை இருக்கு. அதின்ட பூட்டுத் திறப்பு ஆரிட்டை இருக்கு? என்னட்டை. பதினொரு வருசமா நான்தான் அதுக்குப் பொறுப்பு. சங்கத்திலை நம்பிக்கையான ஆள் எண்டு தந்தவை. ஜெர்மன்காரர் கரவானிலை வருவினம், அவசரப்படுவினம், "நேற்று நனைச்சது" எண்டுவினம். விட மாட்டன். திருப்பி நனை! ஒஸ்லோவிலை இருந்து ஒரு பெரிய டொக்டர் வந்தவர், அவரையும் காலைத் தூக்க வைச்சு அடியைத் தேய்ச்சனான். ஆளுக்குக் கோபம். எனக்கென்ன!

இந்த அருமை மட்டும் வரமாட்டான். அவன் ஒரு ஊத்தையன். அறையிலை இருந்த காலத்திலையே கோப்பை கழுவமாட்டான். மீன் பிடிச்சு முடிய சப்பாத்தைக் கழட்டிக் கார் டிக்கிக்குள்ளை எறிவான், இல்லாட்டி வீட்டு வெளிச்சுவரிலை கொழுவி விடுவான். கிழமைக் கணக்காத் தொங்கும். எடுத்துத் தட்டினா மண் உதிரும். கருவாடு மாதிரிக் காய்ஞ்சு விறைச்சுப்போய்க் கிடக்கும். அந்த வருசம் வைகாசியிலை மச்சானோடை கொல்னா ஆத்துக்குப் போனவன். ஓம், அதே கொல்னாதான், இப்ப மீனைக் கொல்லுற இந்தப் பூச்சி இருக்கு எண்டு கண்டுபிடிச்சிருக்கினமே, அது. வந்து மூண்டு கிழமையாலை இஞ்சை இறங்கினான். தொட்டிக்கு வா எண்டு ஆள் அனுப்பினனான். என்ன சொல்லி விட்டவன் தெரியுமோ? "மூண்டு கிழமை சுவரிலை கிடந்து காய்ஞ்சது, இனி என்னத்தை நனைக்கிறது?" எழுதுங்கோ. அதே சொல்லு.

போன புரட்டாதியிலை உங்கட ஆக்கள் வந்து கரண்டு விட்டுச் சின்ன மீனைப் பிடிச்சுப் பாத்தவை. தோலெல்லாம் வெள்ளை பத்தி, செட்டை கரைஞ்சு. பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. விரலளவு சமன் குஞ்சுகளிலை ஒட்டிக்கொண்டு அதைத் திண்டு முடிக்குமாம். ட்ரவுட்டுக்கு ஒண்டும் செய்யாதாம், சமனைத்தான் கொல்லுமாம். இனி ஆவணியிலை அந்தப் பூச்சியை அழிக்க அருவியிலை இருந்து கடல் வரைக்கும் நஞ்சு விடப்போகினம். ஏதோ வேரிலை எடுக்கிற நஞ்சு. சமன், ட்ரவுட் எண்டு பாக்காது, ஆத்திலை மூச்சு விடுறதெல்லாம் சாகும். பிறகு அஞ்சு வருசம் ஒருத்தரும் தூண்டில் போடேலாது. எனக்கு இப்ப அறுபத்தஞ்சு. மனுசி போனபிறகு எனக்கு வேறை என்ன கிடந்தது, சொல்லுங்கோ? விடியத் தேத்தண்ணியைப் போத்திலுக்குள்ளை விட்டுக்கொண்டு இறங்கினா மத்தியானம் வரைக்கும் என்ட மனம் அமைதியாக் கிடக்கும். அதைக் கொண்டு போட்டான்.

அதாலை சங்கக் கூட்டத்திலை நான் எழும்பினனான். எண்பது பேர். எனக்கு நோர்வே பாஷை சபையிலை வராது, தெரிஞ்ச அளவிலை சொன்னனான். இந்த ஆள் கொல்னாவுக்குப் போனவர். துண்டு எடுக்கேல்லை. சப்பாத்துக் கழுவாதவர், ஒரு நாளும் கழுவாதவர். ஓட்வார் அருமையைப் பாத்துக் கேட்டார், உண்மையோ எண்டு. அருமை எழும்பினான். "கழுவேல்லை, காய விட்டனான்" எண்டான். துண்டு எங்கை எண்டு ஓட்வார் கேட்டார். இல்லை எண்டான். பிறகு என்னை ஒருக்காப் பாத்தான். ஏதோ சொல்லப்போற மாதிரி வாயைத் திறந்தான், மூடினான், இருந்திட்டான். கள்ளன் எண்டால் அப்பிடித்தான் பிள்ளை, வார்த்தை வராது. அண்டையோடை அவனை ஆத்தை விட்டு நிப்பாட்டினவை. உங்கட அறிக்கையிலையும் அவன்ட பேர் வந்தா, ஆயுசுக்கும் இந்த ஆத்திலை கால் வைக்கேலாது. வரவேணும். அதுக்குத்தான் நான் இவ்வளவு நேரம் மினக்கெட்டுக் கதைக்கிறன்.

என்னைப் பற்றியோ? என்னைப் பற்றி என்ன எழுதக் கிடக்கு?

எல்லாரிட்டையும் கேக்கிற கேள்வியோ. சரி. நானும் ஒருக்காப் போனனான், கொல்னாவுக்கு. ஒருக்காத்தான். அந்தப் பதினாலு கிலோ மீனுக்கு அடுத்த நாள். இந்த ஆத்தைப் பாக்கவே எனக்கு விருப்பமில்லை, அவன்ட சிரிப்புத்தான் தெரியுது. காரை எடுத்துக்கொண்டு நாலு மணித்தியாலம் ஓடினனான். மூண்டு நாள் நிண்டனான். ரெண்டு சமன், ஒண்டு மூண்டு கிலோ, ஒண்டு ரெண்டரை. சின்னன்தான், ஆனா நான் பிடிச்சது. நான் விடேல்லை.

பூச்சி இருக்கு எண்டு அப்ப ஆருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது. அது பிறகுதானே கண்டுபிடிச்சவை.

துண்டோ? இருக்கு. இந்தா, கொப்பியிலை பாருங்கோ, ஆனி எட்டு. ஓம், என்ட கையெழுத்துத்தான். திறப்பு என்னட்டை இருக்கேக்கை வேறை ஆர் எழுதுறது? அந்த மருந்து மூக்கை அரிக்கும் பிள்ளை, கைத்தோல் உரியும். எனக்கு அது தேவையில்லை. நான் அருமை மாதிரி ஊத்தையில்லை. அளவெட்டியிலை எங்கட வீட்டிலை என்ன பழக்கம்? சந்தைக்குப் போனாலும் சரி, செத்தவீட்டுக்குப் போனாலும் சரி, படலையைத் திறந்து நேரை கிணத்தடி. கால் கழுவிப்போட்டுத்தான் படி மிதிக்கிறது. வெளியிலை ஒட்டினது வெளியோடை. நோர்வேக்கு வந்தும் நான் அதை விடேல்லை. இஞ்சை கிணறு இல்லை, எனக்கு இந்த ஆறுதான் கிணறு. வீட்டுக்குக் கீழை தட்டையா ஒரு கல்லுக் கிடக்கு. எங்கை போட்டு வந்தாலும் முதல் அந்தக் கல்லு, பிறகுதான் வீடு.

அண்டைக்கும் அப்பிடித்தான். கொல்னாவிலை இருந்து நேரை வந்தனான். சப்பாத்து, வலை எல்லாம் ஈரத்தோடை ஒரு பெரிய பிளாஸ்ரிக் பையிலை கட்டிக்கொண்டு வந்தது, கார் நனையாமல். பையிலை தண்ணியே தேங்கி நிண்டது. கல்லிலை குந்தியிருந்து எல்லாத்தையும் எடுத்து ஓடுற தண்ணியிலை கழுவினனான். சப்பாத்தை உள்ளுக்கும் வெளிக்கும். வலையை விரிச்சு உலுப்பி. பையைப் புரட்டி. அந்த ரெண்டு மீனையும் அதிலையே வெட்டிக் குடலெடுத்து, நாலு தரம் அலசினனான். ஒரு மணித்தியாலம். இவ்வளவு சுத்தமா இந்த ஆத்திலை ஒருத்தன் செய்திருக்க மாட்டான். அதை எழுதினியளோ?

ஏன் எழுதேல்லை?

எந்தக் கல்லோ? யன்னலாலை பாருங்கோ. அந்த பேர்ச் மரம் சரிஞ்சு நிக்குது, அதுக்குக் கீழை. ஏன், படத்திலை என்ன கிடக்கு? காட்டுங்கோ. சிவப்புப் புள்ளியெல்லாம் வருத்தக்கார மீனோ. இது பாலம். இது என்ட வீடு. இதிலை ஏன் இவ்வளவு குவிஞ்சு போய்க் கிடக்கு? மேலை போகப் போகக் குறையுது. மடுவிலை நாலு புள்ளிதானே இருக்கு.

துவங்கின இடத்திலைதான் கூடக் கிடக்குமோ. ம்.

அப்ப அருமை இந்தப் பக்கமும் வந்து இறங்கியிருப்பான். நான் வீட்டிலை இல்லாத நேரம். அவன்ட அந்தச் சப்பாத்திலை…

என்ன? காய்ஞ்சா செத்திடுமோ? ஆர் சொன்னது? ரெண்டு நாள் நல்லாக் காய்ஞ்சாப் போதுமோ. மருந்து இல்லாமலோ. ஈரத்திலைதான் அது உயிரோடை கிடக்குமோ. ஈரமான வலையிலை, பையிலை தேங்கின தண்ணியிலை, செத்த மீன்ட தோலிலை.

உந்த விதி அந்தத் தொட்டிக்கு மேலை ஒட்டிக் கிடக்கோ? கிடக்கும். நான்தான் ஒட்டினனான். 

கழுவுறது பிழையோ பிள்ளை? உங்கட அம்மாவைக் கேளுங்கோ, வெளியிலை போட்டு வந்து கால் கழுவுறது பிழையோ எண்டு. 

கொஞ்சம் பொறுங்கோ. நான் ஒருக்கா இருக்கப்போறன்.

ஆராவது கண்டவையோ, நான் கழுவேக்கை? ஓம். ஒருத்தன் கண்டவன். பாலத்திலை கார் நிண்டது. இறங்கி, பாலத்துக் கம்பியிலை கையை ஊண்டிக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டவன். என்னைக் கண்டு கை காட்டினவன். "எங்கையடா போனனீ, கொல்னாவோ?" எண்டு கூப்பிட்டுக் கேட்டவன். நான் நிமிரேல்லை. கழுவிக்கொண்டே இருந்தனான். வேறை ஆர், அவன்தான். அருமை.

அப்ப அவனுக்குத் தெரியும். கூட்ட மண்டபத்திலை எழும்பி நிக்கேக்கையே தெரியும். அந்த வாயைத் திறந்தது அதுக்குத்தான்.

ஏன் சொல்லேல்லை? உங்களுக்கு விளங்குதோ? எனக்கு விசர் வருகுது. சொல்லியிருக்கவேணும். எண்பது பேருக்கு முன்னாலை விரலை நீட்டிச் சொல்லியிருக்கவேணும். நான் பாய்ஞ்சு அவன்ட சேட்டுக் கொலரைப் பிடிச்சிருப்பன், ரெண்டு அடி அடிச்சிருப்பன், அவனும் அடிச்சிருப்பான், அதோடை முடிஞ்சிருக்கும். இது என்ன வேலை? பத்து மாசம் தன்ட வீட்டுக்குள்ளை யன்னல் சீலையை இழுத்து விட்டிட்டு இருக்கிறான், இஞ்சையிருந்து இருநூறு மீற்றரிலை. அந்த மீனை விட்ட மாதிரியே என்னையும் கையைத் திறந்து விட்டிருக்கிறான். ஆர் கேட்டது அவனை? எனக்கு அவன்ட பிச்சை வேண்டாம்.

என்ன செய்யிறியள்? பேரை வெட்டுறியளோ? வெட்டாதேங்கோ. கிடக்கட்டும். அதுக்குக் கீழை இடம் இருக்குத்தானே, அதிலை எழுதுங்கோ. கனகசுந்தரம் பேரின்பநாதன். கனகசுந்தரம் அப்பான்ட பேர். ரெண்டையும் எழுதுங்கோ, முழுசா.

ஆர் கொண்டுவந்தது எண்ட இடத்திலை ரெண்டு பேர் இருக்கேலாதோ. ஒண்டுதானோ.

சரி. அவன்ட பேரை வெட்டுங்கோ. வாசிக்கேலாமல் நல்லா வெட்டுங்கோ.

ஆனா ஒண்டு எழுதவேணும், நான் சொன்னபடியே எழுதவேணும். அருமைநாயகம் சப்பாத்துக் கழுவாதவன். ஒரு நாளும் கழுவாதவன். மண்டபத்திலை நான் சொன்னதிலை அது ஒரு சொல்லும் பொய்யில்லை.